வெட்டிக்கு உழைக்கச் சொல்லாதீர்கள்

உயர்கல்விக்கும் இளைஞர் நலத்துக்கும் நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தது. எட்டுப் பக்கம் எழுதி, பதினோரு இணைப்புகள் வைத்து, கிராமசபைத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியது. ஐந்து மாதம் யாருடைய மேசையிலோ கிடந்துவிட்டு வந்திருந்தது. மேலே ஒரு தாள். அதில் ஒற்றை வரி: "மாணவர் சேவைப் பணிகளுக்கு ஊதியம் வழங்க விதிகளில் இடமில்லை." எந்த விதி, எந்த வருஷத்து அரசாணை, எத்தனையாவது பத்தி, ஒன்றும் கிடையாது. கையெழுத்துகூட அலுவலருக்காக வேறு யாரோ போட்டது.

எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த வரியைத் தட்டச்சு செய்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் விதியைப் பார்த்தார், எழுதினார். விதியை எழுதுகிற இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

நாங்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பதினான்கு வருஷமாக ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். அறக்கட்டளை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, பெஞ்சு பன்னிரண்டு, பழைய கணினி இரண்டு, புத்தக அலமாரி நான்கு, நான், என்னோடு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். மாலையில் எழுபது எண்பது பிள்ளைகள் படிக்க வருவார்கள். பகலில் மனு எழுதப் பெரியவர்கள் வருவார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேருக்கு இங்கே வாரம் பன்னிரண்டு மணி நேர வேலை தருகிறோம், மாதம் 3,600 ரூபாய் சம்பளத்தை அரசு தரட்டும் என்று கேட்டோம். வருஷத்தில் பத்து மாதம். ஆறு பேருக்கும் சேர்த்து 2,16,000 ரூபாய். அவ்வளவுதான்.

இதை ஆசையில் எழுதிக் கேட்கவில்லை, செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்டோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் இரண்டு கல்வியாண்டுகளுக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் வீதம் ஆறு மாணவர்களுக்கு அனுப்பினார். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் கட்டடத்தில் நடந்ததை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

அதில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தாள். அம்மா வயலில் நடவுக்குப் போகிறவர், அப்பா இல்லை. கல்லூரி விட்டு நாலரைக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக இங்கே வருவாள். மனு எழுதும் வேலை அவளுக்கு. முதல் மாதமே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். எங்கள் பக்கத்தில் முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவிகள் ஏழு பேர் இருந்தார்கள். மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், உருக்கமாக, 'ஆதரவற்ற நிலையில்' என்றெல்லாம். இவள் உருக்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆதாரில் கணவர் பெயரின் முதல் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஏழு பேரில் ஐந்து பேருக்கு அதுதான் கோளாறு. இரண்டு மாதம் அலைந்து, நான்கு பேருக்குப் பணம் மறுபடி வரச் செய்தாள். மாதம் 1,200 ரூபாய். அந்தக் கிழவிகளுக்கு அது மருந்துச் செலவு.

இன்னொரு பையன் பயிர்க் காப்பீட்டு வேலை பார்த்தான். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். சம்பாவுக்கு பெரும்பாலும் நவம்பர் நடுவில் கெடு வைப்பார்கள். அதே நவம்பரில்தான் செமஸ்டர் தேர்வும் வரும், மழையும் வரும். குத்தகைக்கு உழும் ஆளுக்கு அடங்கல் வாங்குவது எத்தனை பெரிய பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அரசின் நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் பதிவு செய்வதும் அவன் வேலைதான். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டை நிற்கும். தைப் பனியில் நெல் எப்படிக் காயும் என்று கேட்டு அவன் எழுதிய மனுவை இன்னும் வைத்திருக்கிறேன். நல்ல தமிழ்.

மூன்றாமவள் ஒருத்தி பாரம்பரிய நெல் வகைகளுக்குக் கணக்கு எழுதினாள். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் கண் மூடும்வரை ஓடி ஓடி விதை சேர்த்த ஊர் இது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார் என்று எங்கள் சுற்றில் யார் வீட்டுக் குதிரில் என்ன விதை இருக்கிறது, எந்த வருஷம் யாருக்கு எத்தனை மரக்கால் கொடுத்தார்கள், எத்தனை திரும்பி வந்தது என்று மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினாள். அவள் தாவரவியல் மாணவி. பாடப் புத்தகத்தில் படித்ததைவிட இங்கே கற்றது அதிகம் என்று அவளே சொன்னாள். இது புகழ்ச்சிக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். நோட்டுப் புத்தகங்கள் பொய் சொல்லாது.

அப்புறம் பணம் நின்றது. அனுப்பியவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் உண்டு. மனு எழுதிய பெண் இரண்டு மாதம் சும்மாவே வந்தாள். மூன்றாம் மாதம் வரவில்லை. விசாரித்தால், நகரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்திருக்கிறாள். கல்லூரி விட்டதும் போய் ராத்திரி ஒன்பது வரை, ஞாயிற்றுக்கிழமை முழுநாள். மாதம் 5,000. புடவையை விரித்துக் காட்டி, மடித்து வைக்கிற வேலை. அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து கிழவிகளின் கோளாறைக் கண்டுபிடித்த கண் அது. அதைப் புடவை மடிக்க அனுப்பிவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் படிக்கும் கல்லூரியில் போய்க் கேட்டேன். அன்பாகத்தான் பேசினார்கள். "நாட்டு நலப்பணித் திட்டத்தில் பிள்ளைகளை அனுப்புகிறோம் சார், இலவசமாகவே செய்வார்களே, எதற்குப் பணம்?" என்றார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்த மடல் முழுக்கப் பதில்.

நானே அந்தத் திட்டத்தில் இருந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில், பத்து நாள் முகாம். வாய்க்கால் தூர் வாரினோம், கோயில் குளத்தில் பாசி எடுத்தோம், ராத்திரி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்துப் பாட்டுப் பாடினோம். என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாட்கள். நான் இன்று இந்த வேலையில் இருப்பதற்கே அந்த முகாம்தான் காரணம். அதைப் பழித்தால் என் வாய் வேகும். ஆனால் ஒன்றை இத்தனை காலம் கழித்துத்தான் யோசித்தேன். என்னால் பத்து நாள் போக முடிந்தது, ஏனென்றால் என் அப்பா வாத்தியார். முதல் தேதி சம்பளம். என் வகுப்பில் படித்த ஒருவன் அந்த முகாமுக்கு வரவில்லை. தாளடி நடவு நேரம், அவன் நாற்றுப் பறிக்கப் போய்விட்டான். அவனைச் 'சேவை மனப்பான்மை இல்லாதவன்' என்று நாங்கள் கிண்டல் செய்தோம். நானும் செய்தேன்.

இன்றும் அதே கதைதான். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம், முடிவில் ஒரு சான்றிதழ். சான்றிதழ் நல்லதுதான். ஆனால் யாரால் 240 மணி நேரம் கொடுக்க முடிகிறது என்று பாருங்கள். வேலைக்குப் போகாமல் படிக்க வசதி உள்ள பிள்ளைகளால். ஊரின் பாடு தெரிந்த பிள்ளைகள், சேற்றில் கால் வைத்த பிள்ளைகள், அந்த நேரத்தில் கடையிலோ வயலிலோ நிற்கிறார்கள். சேவை செய்வதற்கே ஒரு சொத்துத் தகுதி வைத்துவிட்டோம், அது யார் கண்ணிலும் படுவதில்லை.

கூலி என்ற சொல்லைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சேவைக்குக் கூலியா என்கிறார்கள். இந்த மண்ணில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் ஊதியம் இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. ஆயிரம் வருஷம் கழித்தும் நாம் 'வெட்டி வேலை', 'வெட்டிக்கு உழைத்தேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சனங்கள் அந்தச் சொல்லை மறக்கவே இல்லை. கீழத் தஞ்சையில் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பின்னால்தான், 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். மறுவருஷம், 1969-இல், தஞ்சை மாவட்டத்துக்கென்றே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே 1969-இல், செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. வயலில் உழைப்பவருக்குக் கூலியைச் சட்டமாக எழுதிய அதே வருஷம், அவர் மகன் கல்லூரிக்கு வந்து ஊருக்கு உழைத்தால் சான்றிதழ் மட்டும் போதும் என்றும் எழுதிவிட்டோம். அப்போது அந்த மகன் கல்லூரிக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். இப்போது வந்துவிட்டான். விதி மட்டும் அங்கேயே நிற்கிறது.

கஜா புயலைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு எல்லாம் படுத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் மின்சாரம் வரப் பதினெட்டு நாள் ஆனது. நகரங்களில் இருந்து கல்லூரிப் பிள்ளைகள் வேனில் வந்தார்கள், அரிசியும் பிஸ்கட்டும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தார்கள். நல்ல பிள்ளைகள். இரண்டு நாள் இருந்தார்கள், போனார்கள். அவர்களுக்கும் வகுப்பு உண்டு. அதற்கு அப்புறம் வந்த ஒன்றரை மாதம்தான் உண்மையான வேலை. விழுந்த மரம் எத்தனை என்று எண்ண வேண்டும். குடிசை முழுசாகப் போனதா, பாதியா என்று எழுத வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகத் தாத்தா இருக்கிறார், எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாதம் நிறைந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் வேண்டும். அதைச் செய்தது எங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேருக்குச் சொந்தக் கூரையே இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பினார்கள்.

அந்த ஒன்பது பேருக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை, என்னிடம் இல்லை. அந்த ஒன்றரை மாதம் கூலிக்குப் போயிருந்தால் ஒருவன் தேர்வுக் கட்டணம் கட்டியிருப்பான். கட்ட முடியாமல் அந்தப் பருவத் தேர்வை விட்டான். ஒரு வருஷம் போயிற்று. அவனிடம் மன்னிப்புக் கேட்கும் விதமாகத்தான் எட்டுப் பக்கம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விதியில் இடமில்லை என்கிறீர்கள். இந்த அரசுகள் இதுவரை என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்போம்.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு கொடுத்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் செய்தார்கள், திண்ணையில் பலகை சாத்தி வைத்துக்கொண்டு. நல்ல திட்டம், எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து திரும்பி வந்தது. 1,000 ரூபாய் குறைவு என்பது என் கருத்து, ஆனால் கொடுத்தது பெரிது. சேவைக்குப் பணம் தர விதியில் இடமில்லை என்றால் அந்த ஆயிரம் எந்த விதியில் போனது? அதற்குச் சம்பளம் என்று பெயர் வைக்காமல் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்திய அரசையும் பாருங்கள். 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் 500 பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய், அதில் 4,500 அரசுப் பணம், 500 மட்டும் நிறுவனத்தின் பணம். தொடங்கியபோது வைத்த தகுதி, வயது 21 முதல் 24, முழுநேரம் படிப்பவராக இருக்கக் கூடாது. 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழும், பட்டதாரிப் பழகுநருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே தருகிறது. ஆக, கோடிக்கணக்கில் லாபம் பார்க்கும் கம்பெனியில் போய் உட்கார்ந்தால் அரசு பணம் தரும். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிழவியின் உதவித்தொகையை மீட்டுக் கொடுத்தால் தராது. இதற்கு நியாயம் சொல்ல உங்களில் யாராவது முன்வந்தால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களை மறக்கவில்லை. 2022 செப்டம்பரிலிருந்து பெண்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் வரும் அந்த மாதம் 1,000 ரூபாய் பல வீட்டில் படிப்பு நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். 'ஏற்கெனவே ஆயிரம் தருகிறோமே, அதற்கு ஊர் வேலை செய்யட்டும்' என்று யாராவது யோசனை சொன்னால் அதை அங்கேயே நிறுத்துங்கள். அது படிப்புக்கான பணம். நான் கேட்பது உழைப்புக்கான பணம்.

வெளியிலும் இது புதிதில்லை. அமெரிக்காவில் 1964-இல் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்தது, வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டம். வசதியில்லாத மாணவருக்குப் பகுதிநேர வேலை. சம்பளத்தில் பெரும்பகுதியை, பொதுவாக 75 விழுக்காடு வரை, மத்திய அரசு தருகிறது. மீதியைக் கல்லூரியோ வேலை தரும் அமைப்போ போடும். லாப நோக்கில்லாத அமைப்புகளிலும் வேலை பார்க்கலாம். ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வரும் அந்த நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவு செய்தே ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரும் மாணவருக்கு முழுச் சம்பளத்தையும் அரசே தரலாம் என்றும் விதி உண்டு. அந்த ஊர்த் திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிதியைப் பிரிக்கும் பழைய கணக்கால் பழைய, பணக்காரக் கல்லூரிகளுக்கே அதிகம் போகிறது என்று அங்கேயே குறை சொல்கிறார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் வளாகத்துக்குள்ளேயே நூலக மேசையில் உட்கார்ந்து முடித்துக்கொள்கிறார்கள். நாம் செய்யும்போது அந்த 7 என்ற கணக்கைத் தலைகீழாக்கி, பெரும்பகுதியைச் சமூகப் பணிக்கே வைத்துக்கொள்ளலாம். கனடாவில் கோடைகால வேலைத் திட்டம் இருக்கிறது. இளைஞர்களை வேலைக்கு வைக்கும் தொண்டு அமைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி முழுவதையும் அரசு தரலாம், தனியார் முதலாளிக்கு அதில் பாதி வரைதான். முறை எப்படி இருக்கிறது பாருங்கள். இங்கே நாம் செய்வதற்கு நேர் எதிர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மகாராஷ்டிரத்துக்கு வாருங்கள். புனே பல்கலைக்கழகத்தில் கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் பெயரில் 'சம்பாதித்துக்கொண்டே படி' திட்டம் நடக்கிறது. ஏழை மாணவர்கள் வளாக வேலை செய்து மணிக்கணக்குப்படி பணம் வாங்குகிறார்கள். அங்கே யாருடைய சேவை மனமும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

உங்கள் பக்கத்து அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. லெட்டர்பேடு அறக்கட்டளைகள் இருக்கின்றன. எனக்கே நான்கு தெரியும். பலகை மட்டும் மாட்டி, உள்ளே உரமூட்டை அடுக்கி வைத்திருப்பார்கள். பணம் வருகிறது என்று தெரிந்தால் ஒரே வாரத்தில் இன்னும் பத்து முளைக்கும். மாணவர் பெயரில் கையெழுத்து வாங்கிப் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். அல்லது தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற விடுவார்கள், கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி போட விடுவார்கள். இதெல்லாம் நடக்கும். நடக்கக் கூடாது என்றால் வழி இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு கிராமசபையில் சமூகத் தணிக்கை நடத்தியது போல இதற்கும் நடத்துங்கள். யார் வேலை பார்த்தார், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று ஊர் முன்னால் சத்தமாக வாசிக்கட்டும். கிழவி எழுந்து, 'ஆமா, இந்தப் பொண்ணுதான் எனக்கு எழுதிக் குடுத்துச்சு' என்பாள். இல்லையென்றால் அதையும் சொல்வாள். பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரட்டும், எங்கள் கை படவே வேண்டாம். முதலில் தணிக்கை செய்ய எங்கள் கட்டடத்துக்கே வாருங்கள்.

காசு வாங்கினால் பிள்ளைகளின் மனசு மாறிவிடும், கணக்குப் பார்க்க ஆரம்பிப்பார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்தது வேறு. சம்பளம் வாங்கிய பிள்ளை நேரத்துக்கு வந்தது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று என்னால் கேட்க முடிந்தது. சும்மா வரும் பிள்ளையிடம் எந்த முகத்தோடு கேட்பது? அப்புறம் வீட்டில் பேச்சு மாறியது. 'எங்கே ஊர் சுற்றிட்டு வர்றே' என்று கேட்ட அம்மா, 'வேலைக்குப் போய்ட்டு வர்றா' என்று அடுத்த வீட்டில் சொன்னாள். பெண் பிள்ளை ஆறு மணிக்கு மேல் வெளியில் நிற்க எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல் எத்தனை பெரிய துணை என்று உங்களில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குப் புரியும்.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு வந்த ஒற்றை வரிக்கு அடிப்படையான விதி எது என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்படி ஒரு விதி இருந்தால் அதைத் திருத்துங்கள். இல்லையென்றால் அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று விண்ணப்பத்தை மறுபடி பாருங்கள்.

வரும் கல்வியாண்டிலேயே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு 20 மாணவர் என்று சோதனையாகத் தொடங்குங்கள். கிராமத்தில் வேலை செய்யும் பதிவு பெற்ற அமைப்புகளில், வாரம் 12 மணி நேரத்துக்கு மிகாமல், மணிக்கு 75 ரூபாய், பத்து மாதம். ஒரு ஒன்றியத்துக்கு வருஷம் 7,20,000 ரூபாய் ஆகும். நூறு நாள் வேலைக் கூலியைவிட இது அதிகமாயிற்றே என்பீர்கள். 2024-25-இல் அது நாளுக்கு 319 ரூபாய். அதுதான் குறைவு என்பேன். தேர்வு மாதத்தில் வேலை நேரத்தைப் பாதியாக்குங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வெள்ளமோ புயலோ வந்தால் கூடுதல் மணி நேரத்துக்குக் கூடுதல் பணம் தர மாவட்ட அளவிலேயே அதிகாரம் கொடுங்கள். நவம்பரில் சென்னைக்குக் கோப்பு போய்த் திரும்பி வருவதற்குள் இங்கே தண்ணீர் வடிந்துவிடும்.

ஆள் எடுக்கும்போது மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். நிலமில்லாத வீட்டுப் பிள்ளை, குத்தகை வீட்டுப் பிள்ளை, தாயோ தந்தையோ மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளை முதலில். இலவச டவுன் பஸ் பெண்களுக்கு இருக்கிறது, வேலைக்கு வரும் பையன்களுக்கும் பயணச் செலவைச் சேர்த்துக் கொடுங்கள். சம்பளம் மாதம் ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும். வருஷக் கடைசியில் மொத்தமாக வரும் பணத்தால் எந்த வீட்டிலும் உலை கொதிக்காது.

அப்புறம் ஒன்று. அதற்கு ஊக்கத்தொகை, மதிப்பூதியம், அன்பளிப்பு என்று பெயர் தேடாதீர்கள். அரசாணையில் 'ஊதியம்' என்றே எழுதுங்கள்.

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கம், அதை ஒட்டிக் கல்லூரிகளும் திறந்துவிடும். அதற்கு முன் பதில் வந்தால் அந்த ஜவுளிக் கடைப் பெண்ணிடம் போய்ப் பேச எனக்கு நேரம் இருக்கும். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. பதில் இந்தத் தடவையும் ஒற்றை வரியாக இருந்தால் பரவாயில்லை. விதி எண்ணோடு இருக்கட்டும், கீழே அலுவலரின் சொந்தக் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னார்குடிக்குத் தெற்கே மாலை வகுப்பு நடத்தும் ஒருவன்